மிக்ஸி இருக்க பிளெண்டர் எதுக்கு?

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் தினமும் சிதறுகாய் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே குடியிருக்கிறேன். பேங்க் டிரான்ஸ்ஃபரில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து நாலு வருஷம் ஆகிறது. நடந்து போகிற தூரத்தில் சாலை மார்க்கெட். ஏத்தன், செவ்வாழை (இங்கே கப்பப்பழம் என்பார்கள்), ரசகதலி எல்லாம் தார் தாராகத் தொங்கும். ஊர் ஞாபகம் வந்தால் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன். மனசு சரியாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் என் மச்சான் (மனைவியின் தம்பி) நியூஜெர்சியிலிருந்து வந்தபோது பெட்டியில் ஒரு பிளெண்டர் கொண்டுவந்தான். எங்களோடு இருக்கும் மாமியாருக்காக. "மாமா, அம்மாவுக்கு தினம் காலைல ஒரு ஸ்மூத்தி போட்டுக் குடுங்க, அவ்ளோ ஹெல்தி" என்றான். விலையைக் கேட்டேன். சில நூறு டாலர் என்றான். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டு மிக்ஸியைப் போல ஏழெட்டு வாங்கலாம்.

பிளக்குக்கு ஒரு அடாப்டர் மாட்டி சுவிட்சைப் போட்டான். ஜெட் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை, அப்புறம் மௌனம். ரிப்பேர்க்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு "சாரே, ஆர்மேச்சர் போயி" என்றார்.

தப்பு மெஷினில் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230. லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கும், எங்கே சொருகினாலும் வேலை செய்யும். மோட்டார் வைத்த சாமான் அப்படி இல்லை. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. எஞ்சினியரிங் படித்த பிள்ளைக்கு இதை பி.காம். படித்த நான் சொல்ல வேண்டியிருந்தது!

இதற்கு நேர்மாறாக, இங்கிருந்து 230 வோல்ட் மிக்ஸியை அமெரிக்காவுக்குச் சுமப்பவர்களும் உண்டு. அங்கே அது முனகும், மாவு அரைபடாது. அதற்கென்றே 110 வோல்ட் மாடல் நம்ம கம்பெனிகளே போடுகின்றன, அதை வாங்குங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, லண்டன் மக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். ஸ்மூத்தி போட தனியாக ஒரு பிளெண்டர் எதற்கு?

நம்ம மிக்ஸியின் கதையே வேறு. 1960களில் பம்பாயில் சீமன்ஸில் வேலை பார்த்த மாத்தூர் என்ற எஞ்சினியரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸி, நம்ம ஊர்ச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மோட்டார் எரிந்துபோனது. அந்த ஆதங்கத்தில் அவர் உருவாக்கியதுதான் சுமீத். 1978-ல் சென்னையில் ப்ரீத்தி வந்தது (2011-ல் அதை பிலிப்ஸ் வாங்கியது தனிக்கதை). அதே 2011-ல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்ஸி கொடுக்க ஆரம்பித்தது. காய்ந்த மிளகாயையும் விரலி மஞ்சளையும் தூளாக்குகிற மெஷினுக்கு, பழுத்த வாழைப்பழத்தை அரைக்கத் தெரியாதா? பாதாம் முந்திரிக்குக்கூட முதல்நாள் ராத்திரி ஊறப்போட்டால் போதும். இந்த ஊர் ஜூஸ் கடைகளில் ஷார்ஜா ஷேக் என்று ஒன்று போடுவார்கள், ஞாலிப்பூவன் பழத்தையும் உறைந்த பாலையும் போட்டு. நான் பார்த்த கடைகளில் எல்லாம் சாதா மிக்ஸிதான்.

வழி ரொம்ப சிம்பிள். உயரமான லிக்விடைசர் ஜாரை எடுங்கள், சட்னி ஜார் வேண்டாம். முதலில் பாலோ மோரோ ஊற்றுங்கள், அப்புறம் பழம். ஐஸ் போட்டால் உடைத்துப் போடுங்கள். விட்டுவிட்டு சுற்றுங்கள். ஒரு நிமிஷம்தான்.

"நான் தனி ஆள், ஹாஸ்டல் ரூம், பெரிய மிக்ஸிக்கு இடமில்லை" என்கிறீர்களா? நியாயம். அவர்கள் மட்டும் சின்ன பிளெண்டர் வாங்கட்டும். இந்தியாவில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் கிடைக்கிறது. வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள்:

1. வாட்ஸ் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார் தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓடலாம் என்று அடியில் உள்ள லேபிளில் இருக்கும். மென்மையான பழத்துக்கு 400 வாட்ஸ் தாராளம்.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரை. மிக்ஸிக்கான தரம் ஐ.எஸ். 4250.

3. ஓவர்லோட் சுவிட்ச். மோட்டார் திணறினால் தானாக நின்றுவிடும். இது இல்லாததைத் தொடாதீர்கள்.

4. வாஷர், பிளேடு, ஜார் தனியாகக் கிடைக்குமா? உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா? மோட்டாருக்கு ஐந்து வருஷ வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அதைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. முதல் பிளெண்டர் போனதும் மச்சான் சும்மா இருந்தானா? 12,000 ரூபாயில் இன்னொன்றை ஆர்டர் செய்தான். "நோ காஸ்ட் இ.எம்.ஐ. மாமா, வட்டியே கிடையாது!"

வட்டி இல்லாத கடன் உலகத்தில் கிடையாது. பூஜ்ய வட்டி என்ற பெயரே கூடாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி பேங்குகளிடம் சொல்லிவிட்டது. இப்போது வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு "நோ காஸ்ட்" என்கிறார்கள். கணக்குப் போடுவோம். ஆறு மாசம், மாசம் 2,000. வட்டி 15 சதவீதம் என்றால் கடன் சுமார் 11,492, வட்டி 508. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 91 ரூபாய். பிராசசிங் ஃபீஸ் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ஆக 326 ரூபாய் கூடுதல், பெயர் மட்டும் "நோ காஸ்ட்". ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி போனது வேறு. தொகை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாசச் சம்பளத்தில் இப்படி ஏழெட்டு இ.எம்.ஐ. ஓடுகிற பிள்ளைகளை தினமும் கவுண்டருக்கு எதிரில் பார்க்கிறவன் நான்.

கடைசியாக, இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மாமியாருக்கு இருபது வருஷமாக சர்க்கரை. இரண்டாவது பிளெண்டர் வந்ததும் தினமும் காலையில் இரண்டு ஏத்தன், நாலு பேரீச்சை, பால், ஒரு ஸ்பூன் தேன். மூன்று மாசம் கழித்து வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை 130-லிருந்து 190-க்கு ஏறியிருந்தது. ஜூசரை விட பிளெண்டர் தேவலை, நார் உள்ளேயே இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு ஏத்தன் பழத்தை மென்று தின்ன எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்மூத்தி இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விடுகிறது. அதோடு தேன் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் குறைக்கச் சொன்ன சர்க்கரைப் பட்டியலில் தேனும் உண்டு.

"ஏன் அத்தை, ஒத்துக்கலைன்னா நிறுத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ராத்திரி போன்ல 'குடிச்சியாம்மா'ன்னு கேட்கிறான் மாப்பிள்ளை. இல்லேன்னு எப்படிச் சொல்றது? அவன் அனுப்பிச்சதாச்சே."

எனக்குப் பேச்சு வரவில்லை.

வெளியூரில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே! கூட இருக்க முடியாத குற்ற உணர்ச்சிக்கு நாம் மெஷின் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரில் என் அம்மா வீட்டில் நான் வாங்கிக்கொடுத்த ஓவன் ஒன்று இன்றுவரை பிரிக்காமல் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உனக்கு என்ன வேணும்?" பதில் வந்த பிறகு கார்டை எடுங்கள்.

மாமியாரிடம் நான் கேட்டேன். "அவன் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்தா போதும்" என்றார். மச்சானுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டேன். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

பி.கு: இரண்டாவது பிளெண்டர் இப்போது மோர் அடிக்கப் பயன்படுகிறது. பிரமாதமாக அடிக்கிறது. மத்தும் பிரமாதமாகத்தான் அடித்தது.