கை கறுக்கட்டும்

சென்ற பொங்கல் விடுமுறையிலே என் பழைய மாணாக்கி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். நன்னூற் சூத்திரங்களைத் தடையின்றி ஒப்புவித்தவள். இப்பொழுது பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயில்கின்றாள். கும்பிட்ட கைகளைப் பார்த்தேன். நகக்கண்களெல்லாம் கரி.

“என்ன பிள்ளை, அடுக்களையிலிருந்தா வருகிறாய்?” என்றேன்.

“ஓம் ஐயா, அடுக்களையிலிருந்துதான்” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பத்தாண்டு பென்சிலால் வரைந்து பரிசில்கள் பெற்றவள் அவள். பல்கலைக்கழகத்திலே கையிற் கரித்துண்டைக் கொடுத்தார்கள். பென்சிலைப் போல் நுனிவிரலாற் பற்றி அழுத்தினாள், ஒடிந்தது. வழக்கம்போல் உள்ளங்கையைத் தாளில் ஊன்றினாள். வரைந்த முகம் அழிந்தது. “எனக்குச் சித்திரமே வராது போலும்” என்று மூன்று மாதம் அழுதாளாம்.

பின்பு அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. வேலிப் பூவரசங் குச்சிகளைச் சீவித் தகரப் பேணியில் அடுக்கி, மூடியின் விளிம்பைக் களிமண்ணாற் பூசி அடுப்பில் இட்டாள். முதன்முறை காற்றுப் புகுந்தது, குச்சியெல்லாம் சாம்பல். மூன்றாம் முறை கரி கிடைத்தது. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஏறக்குறைய 1400ஆம் ஆண்டளவில் எழுதிய கைந்நூலும் இதைத்தான் சொல்லுகிறது: குச்சிகளைப் புதுப் பானையிலிட்டு, மண்ணால் மூடி, அப்பம் சுடுவோன் தொழில் முடித்த இரவிலே அவன் அடுப்பில் வைத்து விடியும்வரை விடுக. அவள் அந்நூலைப் பார்த்தவளல்லள். அடுப்பு அவளுக்குச் சொல்லியது.

தான் சுட்ட கரி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கை அறிந்தபின், அதனைப் படுக்கையாகப் பிடித்துத் தோளிலிருந்தே கையை வீசி வரையத் தொடங்கினாள். முன்னே பகையாயிருந்த அழிதல் இப்போது உதவியாயிற்று. துணியால் ஒற்றியெடுத்த இடம் வெளிச்சமாயிற்று.

களிமண்ணிலும் இதே பாடு. திண்ணென்று ஒரு தலையை வனைந்து, உள்ளீரம் உலருமுன் சூளையில் வைத்தாள். ஈரம் ஆவியாகித் தலை வெடித்தது. அடுத்த தலையை உட்குடைந்து, ஈரத்துணி போர்த்து, ஆற அமர உலர்த்தினாள். பாரிஸ் சாந்தோ பொறுமையே அற்ற பொருள். நீரிலே பொடியைத் தூவிக் கலக்கினால், கால்மணி நேரத்துக்குள்ளே சூடேறி இறுகிவிடும். மீண்டும் நீர்விட்டு இளக்க முடியாது.

“மண்ணைச் சேர்த்து வனைவது தோன்றல், மெழுகு உருகி ஓட அவ்விடத்து உலோகம் நிற்பது திரிதல், கல்லைக் கொத்திக் களைவது கெடுதல்” என்றேன். சிரித்தாள். இலக்கணக்காரனுக்கு எங்கும் புணர்ச்சி விகாரமே தோன்றும்; பொறுத்தருள்க.

சிற்பத்துக்குரிய பொருள்கள் பத்து என்று திவாகர நிகண்டு வகுக்கின்றது. மண், மெழுகு, சுதை, மரம், தந்தம் எல்லாம் அதனுள் வரும். அப்பத்தையும் இருபத்தைந்து ஆண்டாக மனனஞ் செய்வித்து வருகின்றேன். சுதை எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று ஒரு மாணாக்கனும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

எனக்கு வேறொரு குற்றமும் உண்டு. இவள் பத்தாம் வகுப்பிலே களிமண் பிசைந்து கொண்டிருந்த நாளில், “சேற்றிலே நேரத்தைப் போக்காதே, குறிப்பைப் படி” என்று அதட்டியவன் நானே. குறிப்பைப் படித்தாள், களிமண்ணின் பண்புகள் ஐந்தையும் அழகாக எழுதினாள், புள்ளியும் பெற்றாள். அந்த ஐந்தில் ஒன்றையும் அவள் கை அறிந்திருக்கவில்லை. மூன்று மாத அழுகையில் என் பங்கு எவ்வளவு என்று கணக்கிட எனக்கு மனமில்லை.

பழகாத பொருளை எடுப்பவன் முதலிற் பழுதே செய்வான். நாமோ முடிந்த படத்துக்கு மட்டும் புள்ளியிடுகின்றோம். கண்காட்சிக்கு அழகானதையே கேட்கின்றோம். கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்யும்? தனக்கு வந்த பென்சிலைவிட்டு நகராது. பரீட்சைக்கு அஞ்சிப் பொருளுக்கு அந்நியமாகும். பணமில்லை என்பார் உளர். குளத்தில் மண் இருக்கிறது. அடுப்பிற் கரி இருக்கிறது. காலமில்லை என்பாருக்கு ஒன்று கேட்பேன்: ஐந்து பண்பையும் மனனஞ் செய்யக் காலம் எங்கிருந்து வந்தது?

சித்திர ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. மாணாக்கர் முடிந்த வேலையோடு, முன்னே கெட்டுப்போன மூன்றையும் கொண்டுவரட்டும். எது ஏன் கெட்டது என்று வாயாற் சொல்லட்டும். அதற்கும் புள்ளி இடுங்கள். கட்டுரைக் கொப்பியிலே பிழையைத் திருத்தி மறுபடி எழுதச் சொல்லுகிற நாம், சித்திரத்தில் மாத்திரம் முதற்றடவையே வாய்க்கவேண்டும் என்பது என்ன நியாயம்?

எனக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றில் வண்ணக் கரிகளும் சாந்துப் பொடியும் அலுமாரியிலே பூட்டிக் கிடக்கின்றன. பரிசளிப்பு விழாவுக்குத்தான் திறப்பார்களாம். மாரியில் ஈரம் ஏறிய சாந்துப்பொடி தானே கட்டியாகிவிடும் என்று இவள் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த தவணை தொடங்குமுன் அந்த அலுமாரித் திறப்பைச் சித்திர ஆசிரியர் கையிற் கொடுத்துவிடுங்கள்.