தோமையார் நகரில் இரு தினங்கள்



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் ஆலங்காயத்துப் பங்கில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "சாமி, பிள்ளைகளை ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமென்று இருக்கிறோம். எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர் வழக்கமாகக் குடும்பத் தலைவராகவே இருப்பார். சென்ற மாதம் கேட்டவரோ எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் திருயாத்திரை புறப்படுகையிலெல்லாம் வீட்டுச் சாவியும் இரண்டு கறவை மாடுகளும் அவர் பொறுப்பில் விடப்படுவது வழக்கம். "தோமையார் கல்லறையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் சாமி. ஆனால், உன்னால் மலையேற முடியாது, செலவும் கூடும் என்கிறார்கள்" என்றார். அந்த அம்மாளை முன்னிட்டே இம்மாத மடலை எழுதுகின்றோம்.

மலையேற இயலாது என்பது முதலாவது தடை. இதில் உண்மையில்லை. பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து படிகள் மேலே செல்கின்றன என்பது மெய்தான். 18ஆம் நூற்றாண்டில் மதராசில் வாழ்ந்த அர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் யாத்திரிகரின் வசதிக்காக அமைத்துத் தந்த படிகள் அவை. ஆயினும் மறுபுறத்தில் ஆலய வாசல்வரை வாகனம் செல்லும் பாதை இருக்கிறது. கால் வலிமையுள்ளோர் படியேறட்டும். பாட்டியை ஓர் ஆட்டோவில் ஏற்றி மேலே அனுப்புங்கள். அவர்தாம் முதலில் போய்ச் சேர்ந்து உங்களுக்காகக் காத்திருப்பார்!

இரண்டாவது தடை பணம். இதை இலேசாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. யாத்திரைக்கென்று வட்டிக்கு வாங்கி, ஆண்டு முழுவதும் அதை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். கடன் வாங்கிப் போகும் யாத்திரையைத் தோமையார் உங்களிடம் கேட்கவில்லை. ஐந்து பேருள்ள குடும்பம் ஓரிரவு மட்டும் தங்கி, இரண்டு பகல்களில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துத் திரும்பிவிடலாம். வாடகைக் கார் மட்டும் வேண்டாம். செலவில் பெரும்பகுதியை விழுங்குவது அதுவே.

வாணியம்பாடியில் நிற்கும் ஏலகிரி எக்ஸ்பிரஸ், ஜோலார்ப்பேட்டையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுக் காலையிலேயே சென்னை சென்டிரலில் சேர்க்கிறது. மாலையில் ஆறு மணிக்குச் சற்று முன்னதாக அங்கிருந்து திரும்புகிறது. விடியுமுன் வாணியம்பாடி சேர்வதற்கும், திரும்பி வரும் இரவில் ஆலங்காயம் வருவதற்கும் வண்டிக்கு முன்னரே சொல்லி வையுங்கள். பேருந்தை நம்பி நிலையத்தில் கொசுக்கடியில் இரவைக் கழித்தவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் பதினொருவரை நாமே அழைத்துச் சென்றோம். தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில், "எல்லாம் பேசிவிட்டேன், நேரே வந்துவிடுங்கள்" என்றார். இரவு ஒன்பது மணிக்கு மூட்டை முடிச்சுகளோடு அந்த விடுதியின் வாசலில் நின்றோம். காவலாளிக்கு நம் பெயரும் தெரியவில்லை, நம்மை அனுப்பியவர் பெயரும் தெரியவில்லை. அறைகள் யாவும் நிரம்பியிருந்தன. அன்றிரவு இரயில் நிலையத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்தோம். குழந்தையொன்றுக்குக் காய்ச்சல் கண்டது. அதன் தாய் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது நமக்கு இன்னும் உறுத்துகிறது. ஆகவே எழுத்தில் பதில் வராத இடத்தைத் தங்குமிடமாகக் கொள்ளாதீர்கள். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியானாலும் போதும். தேதியும் ஆட்களின் எண்ணிக்கையும் வாடகையும் அதில் இருக்க வேண்டும்.

எழும்பூர் நிலையத்துக்கு எதிரேயுள்ள கென்னட் சந்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிக்கன விடுதிகள் நெருக்கமாக உள்ளன. பெரியவர் ஒவ்வொருவரும் ஆதார் அட்டையை எடுத்துச் செல்க. பணம் கட்டுமுன் அறையையும் குளியலறையையும் நேரில் பாருங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறை வாடகை எத்தனை மணி வரைக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி 'மேன்ஷன்'கள் மலிவென்று யாரேனும் சொல்வார்கள். அவை தனியாள்களுக்கானவை, குடும்பத்துக்கு ஒவ்வா. துறவற இல்லங்கள் சிலவற்றில் யாத்திரிகர்களுக்கு இடம் தருவதுண்டு. விரும்புவோர் ஒரு மாதம் முன்பாக வந்தால் பங்கின் கடிதம் எழுதித் தருகிறோம். இடம் கிடைக்குமென்ற உறுதியை மட்டும் தர இயலாது.

முதல் நாள் மூட்டைகளை அறையில் வைத்துவிட்டு, சென்டிரலுக்கு அருகிலுள்ள பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் இரயிலேறித் திருமயிலையில் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது நடந்தால் 1516ஆம் ஆண்டின் கல்வெட்டைத் தாங்கிய பிரகாச மாதா ஆலயம். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்கோ அந்தச் சிறு கோயிலின் அமைதி மிகவும் பிடிக்கும். அடுத்தது சாந்தோம். இப்போதுள்ள பேராலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது; 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரி 5ஆம் நாள் இங்கு வந்து செபித்தார். (அதே ஆண்டு ஜனவரியில்தான் நம் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. நகரத்தார் விண்மீன் காண நம் மலைக்கு வருகிறார்கள். நாமோ காவலூரை இன்னும் எட்டிப் பார்க்காமலிருக்கிறோம்.)

கல்லறை பேராலயத்துக்கு அடியில் தனிச் சிற்றாலயமாக இருக்கிறது. அதற்கு வாசலும் தனி. மேலே சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லறையைக் காணாமலே திரும்பியவர்களும் உண்டு. அப்போஸ்தலரின் எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே எதெஸ்ஸாவுக்கும், பின்னர் 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் கொண்டு செல்லப்பட்டதாக மரபு. "அப்படியானால் இங்கே என்ன இருக்கிறது?" என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பெருமானின் விலாவைத் தொட்ட கையை உடையவர் வைக்கப்பட்ட மண் அது என்று விளக்குங்கள். கேள்வி கேட்பதில் தோமையாரும் பின்வாங்கியவரல்லர்.

நண்பகல் வெயிலில் அலையாமல் அறைக்குத் திரும்பி இளைப்பாறுங்கள். நான்கு மணிக்குச் சின்னமலை. தோமையார் மறைந்திருந்த குகையென மரபு கூறும் இடமும், ஊற்றும் அங்குள்ளன. பெயரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து ஆலந்தூரில் வண்டி மாறினால் அடுத்த நிலையமே பரங்கிமலை. 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயத்தில் பழைய பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவையைக் காணலாம். அந்தி வேளையில் மேலிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவது தெரியும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கடினம். கால் மணி நேரம் கூடவே ஒதுக்குங்கள். எழும்பூர் திரும்ப மின்சார இரயில் உண்டு. கட்டணம் ஆளுக்குப் பத்து ரூபாயைத் தாண்டாது.

மறுநாள் மாமல்லபுரம். காலை ஆறு மணிக்கே புறப்பட்டுத் திருவான்மியூர் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறுங்கள். வழியில் கோவளத்தில் இறங்கிக் கார்மேல் மாதா ஆலயத்தைக் காணலாம். பாட்டியோடு போகிறவர்கள் இந்த இறக்கத்தைத் தவிர்ப்பது நலம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் மாமல்லையில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணமில்லை. அங்கே கடலில் இறங்க வேண்டாம், அலை பொல்லாதது. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் அங்கே நின்றால் மாலை இரயில் உங்களுக்காக நிற்காது. அவ்வளவு அலைச்சல் வேண்டாமென்போர் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. இவ்விரண்டு கிழமைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோற்று மூட்டையை முதல் நாள் பகலுக்கு மட்டும் கட்டுங்கள். புளிச்சோறும் துவையலும் தாங்கும், தயிர்ச்சோறு தாங்காது. முதியோரின் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

இனி அந்த இரண்டு மாடுகள். பக்கத்துத் தெரு இளைஞர் இருவரிடம் பேசிவிட்டோம். காலையும் மாலையும் அவர்களே வந்து கறந்து, பாலைச் சங்கத்தில் ஊற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாவியை நம் அறைவீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த அம்மாளின் மகன் வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மைப் பார்த்துவிட்டுச் செல்லட்டும்.