பக்க வகைகளும் கேச்சும்

ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தின் மேல் ஜான் லாங் எழுதி 2006-இல் வெளியிட்ட ரேடியன்ட், ரூபி மொழியின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் புதுப்பிக்கும் முயற்சியில் உருவானது. அத்தளம் 2013-இல் ஜெக்கிலுக்கு மாறிவிட்டபோதிலும், உள்ளடக்க மேலாண்மை மென்பொருளொன்றை அதன் மூலநிரலில் கைவைக்காமல் விரிவாக்குவது எப்படி என்பதைக் கற்க விரும்பும் நிரலருக்கு ரேடியன்ட் இன்றும் நல்ல பாடம்.

ரேடியன்டில் ஒவ்வொரு பக்கமும் பேஜ் என்னும் வகுப்பின் பொருள். உலாவிக்குச் செல்லும் எச்டிஎம்எல்லை உருவாக்கும் பொறுப்பும் அதனுடையதே. பக்கத்தின் ரெண்டர் என்னும் மெத்தட், அதற்குரிய லேஅவுட்டை எடுத்து, அதில் எழுதப்பட்டுள்ள ரேடியஸ் டேக்குகளை, அதாவது எச்டிஎம்எல் போலவே தோன்றினும் சர்வரில் ரூபி நிரலாக இயங்கித் தம் இடத்தில் உரையை நிரப்பும் குறிகளை, ஒவ்வொன்றாக விரிக்கிறது. ஆகவே எக்ஸ்டென்ஷன் எழுதுவோருக்கு இரண்டு வழிகள் திறந்துள்ளன: புதிய டேக் ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது பேஜின் துணைவகுப்பாகப் புதிய பக்க வகையை வகுக்கலாம். டேக் போதுமான இடத்தில் பக்க வகை தேவையில்லை. முகவரியின் அமைப்பே மாறவேண்டிய இடத்தில்தான் பக்க வகை இன்றியமையாததாகிறது. கட்டுரைகளின் முகவரியில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைச் சேர்க்கும் ஆர்க்கைவ் பேஜ் அதற்குத் தக்க சான்று.

மூன்றாவது வழியொன்றும் புழக்கத்தில் உண்டு. பேஜ் வகுப்பின் ரெண்டர் மெத்தடையே இடைமறித்து மாற்றுவது அது. அவ்வாறு செய்தால், ஒரு பக்கத்துக்காக எழுதிய நிரல், பக்கம் கிடைக்கவில்லை என்று அறிவிக்கும் பிழைப்பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களிலும் இயங்கும். இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் அதே மெத்தடை இடைமறித்தால், எது முதலில் ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இவ்வழியைத் தவிர்ப்பதே முறை.

இவை அனைத்தையும்விட அதிகக் கவனம் கோருவது கேச், அதாவது ஒருமுறை உருவான விடையைச் சேமித்துவைத்து மறுமுறை அப்படியே வழங்கும் ஏற்பாடு. ரேடியன்டின் தொடக்ககாலப் பதிப்புகள் பக்கத்தின் பாதையை மட்டுமே கொண்டு விடையை அடையாளங்கண்டு, இயல்பாக ஐந்து நிமிடம் வைத்திருந்தன; முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் தேடுசொல்லை அவை பொருட்படுத்தவில்லை. தேடல் பக்கத்துக்கென ஒரு வகையை எழுதுபவர், கேச் செய்யலாமா என்று பக்கத்திடம் வினவும் மெத்தட் பொய் என விடைதருமாறு மாற்றாவிட்டால், முதலில் தேடியவருக்குக் கிடைத்த முடிவே அடுத்து வருவோர் அனைவருக்கும் போய்ச்சேரும். உருவாக்கச் சூழலில் கேச் அணைந்திருப்பதால் இக்குறை அங்கே கண்ணில் படுவதில்லை. எனவே கேச் இயங்கும் நிலையில், ஒரே பக்கத்துக்கு வெவ்வேறு தேடுசொற்களுடன் இரண்டு கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பி விடைகளை ஒப்பிடும் சோதனை, இத்தகைய ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுடனும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.