கம்பைல் ஆயிருச்சுங்க, அப்புச்சி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவு நாள் என்றும் பார்க்காமல் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன கண்ணு, ஞாயித்துக்கிழமையுமா?" என்றேன்.

"ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் மாத்தினேனுங்க அப்புச்சி. ராத்திரி லைவ்ல போடோணும். கம்பைல் ஆயிருச்சுங்க, இனி ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அதற்கான விலையை வேறு ஒருத்தர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அதைப் பேரனிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. சம்பளம், போனஸ், வட்டி போன்ற கணக்குகளுக்கான விதிகளை, தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைப்பது உண்டு. அதுதான் ஸ்டோர்டு புரொசீஜர். கணக்குப்பிள்ளை பேரேட்டோடு சேர்த்து, கணக்குப் போடும் முறையையும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. ஒரு தடவை எழுதி உள்ளே வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இ.டி.பி. பிரிவில் இருந்தேன். சம்பளக் கணக்கு முழுக்க என் பொறுப்பு. முதலில் ஆரக்கிள் வைத்திருந்தோம். லைசென்ஸ் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பிறகு போஸ்ட்கிரெஸுக்கு மாறினோம். இலவசம், நல்ல சரக்கு. இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனவர்களுக்கு முடிவுக் கணக்கு போட ஒரு புரொசீஜர் எழுதியிருந்தேன். அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி, கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தொழிலாளி இறந்துபோனால் அந்த ஐந்து வருஷ நிபந்தனை கிடையாது. எத்தனை வருஷம் பார்த்தாரோ அதற்குக் கணக்குப் போட்டு, அவர் எழுதிக் கொடுத்த நாமினியிடம் கொடுக்க வேண்டும். ஆகவே புரொசீஜரில் அதற்குத் தனியாக ஒரு கிளை: ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர் என்றால், நாமினி டேபிளைப் பார், பெயரை எடு, பட்டியலில் சேர்.

மாறி வந்த பிறகு ஆறு வருஷம் அந்தக் கிளைக்கு வேலையே வரவில்லை. நல்ல விஷயம்தான். இடையில் நாமினி டேபிளில் பெயர் என்று இருந்த ஒரு கட்டத்தை நான்தான் இரண்டாகப் பிரித்தேன். திரைகளை மாற்றினேன், ரிப்போர்ட்டுகளை மாற்றினேன், ஞாபகம் இருந்த இரண்டு புரொசீஜர்களையும் மாற்றினேன். மூன்றாவது ஒன்று அதே டேபிளைத் தொடுகிறது என்பது மறந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதற்கும் முன்பு ஒரு மாதம், யாரோ ஒருவரின் தேதி தப்பாக இருந்ததால் சம்பள ஓட்டம் ராத்திரி பாதியில் நின்றுவிட்டது. 7-ஆம் தேதிக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். மேலிடத்தில் நல்ல டோஸ் விழுந்தது. இனி நிற்கவே கூடாது என்று, ஒவ்வொரு ஆளுக்கும் கணக்குப் போடும் இடத்தில் 'எக்ஸெப்ஷன், வென் அதர்ஸ் தென் நல்' என்று ஒரு வரி போட்டேன். என்ன தப்பு வந்தாலும் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போ என்பது அதன் அர்த்தம். அதற்குப் பிறகு ஓட்டம் நிற்கவே இல்லை. எனக்கும் நிம்மதி.

பிறகு ஒரு வருஷம், நான்கு வருஷமும் சொச்சமும் வேலை பார்த்த ஒரு சைடர் சாலை விபத்தில் இறந்துபோனார். அந்தக் கிளைக்கு முதன்முதலாக வேலை வந்தது. பழைய பெயரில் கட்டத்தைத் தேடியது, இல்லை, தப்பு எழுந்தது, நான் போட்ட வரி அதை விழுங்கியது. ஓட்டம் வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வந்தது. அவர் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

அவர் சம்சாரம் மூன்று மாதம் மில் கேட்டுக்கு நடந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டைம் ஆபீஸில் ஒரே பதில். நான் ஒரு நாள் மதியம் கேட் பக்கம் போனபோது செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வரலீங்களாமா சாமி. அடுத்த மாசம் வரும்னாங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கம்ப்யூட்டர் என்றால் மழை மாதிரி, வந்தால் வரும் என்று நினைத்திருப்பார் போல.

அன்று சாயங்காலமே தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மாதக் கூலி 7,800 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து, 15 நாளுக்கு, நான்கு வருஷத்துக்கு என்றால் 18,000 ரூபாய். சட்டப்படி 30 நாளில் கொடுத்திருக்க வேண்டிய பணம். தாமதத்துக்கு வட்டியும் சேர்த்து மில்லில் கொடுத்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து பையனுக்கு ஃபீஸ் கட்ட அவர் தோட்டை அடகு வைத்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இதில் நான் சொல்ல வருவது என்னவென்றால், 'கம்பைல் ஆகிவிட்டது' என்ற வார்த்தைக்கு ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஒவ்வொரு அர்த்தம். ஆரக்கிளில் புரொசீஜரை உள்ளே வைக்கும்போதே, அதில் நேரடியாக எழுதிய டேபிள், கட்டம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடும். பின்னால் டேபிளை மாற்றினால், அதை நம்பியிருந்த புரொசீஜர் 'இன்வேலிட்' என்று குறிக்கப்படும். போஸ்ட்கிரெஸில் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதியது அப்படி அல்ல. அங்கே உள்ளே வைக்கும்போது இலக்கணத்தை மட்டும் பார்க்கும். மற்றபடி புரொசீஜரின் உடம்பு வெறும் எழுத்தாகவே கிடக்கும். கட்டம் இருக்கிறதா இல்லையா என்பது, ஓட்டம் அந்த வரிக்குப் போய்ச் சேரும்போதுதான் தெரியும். மைஎஸ்க்யூஎல்லும் ஏறக்குறைய இதே ஜாதி. மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இல்லாத டேபிளின் பெயரைப் போட்டுக்கூட புரொசீஜரை உருவாக்கிவிடலாம், ஓட்டும்போதுதான் கத்தும்.

ஆரக்கிளில் பழகிய என் புத்தி, போஸ்ட்கிரெஸிலும் அதே காவல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. காவலாளி மாறியது தெரியாமல் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்கிறேன்.

இதற்கு மருந்து உண்டு. ஓட்டிப் பார்க்காமலேயே, எழுதியதை வரி வரியாகப் படித்துத் தப்பைச் சொல்லும் கருவிகள். இந்த வகையில் முன்னோடியான ஒன்றை 1970-களில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் சி மொழிக்காக எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'லின்ட்'. துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகளைப் பொறுக்கி எடுக்கிற மாதிரி என்று அர்த்தம். ஊரெல்லாம் பஞ்சு பறந்த கோயமுத்தூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்த எனக்கு, அந்தப் பெயரின் பொருள் ரிட்டயர் ஆகும் சமயத்தில்தான் தெரிந்தது.

போஸ்ட்கிரெஸுக்கு இப்படி ஒரு கருவியை செக் நாட்டைச் சேர்ந்த பாவெல் ஸ்டெஹூலே எழுதியிருக்கிறார். பெயர் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் செக். இலவசம். ஒரு புரொசீஜரின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள எல்லாக் கிளைகளுக்குள்ளும் போய்ப் பார்க்கும். ஆறு வருஷம் யாரும் மிதிக்காத கிளையாக இருந்தாலும் விடாது. இல்லாத கட்டம், பொருந்தாத வகை, அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, பதில் தராமலேயே முடிந்துபோகும் பாதை என்று பட்டியல் போடும். என் 'வென் அதர்ஸ்' வரி இந்தக் கருவியை ஏமாற்ற முடியாது. ஏனென்றால் அது ஓட்டுவதில்லை, படிக்கிறது. ஆரக்கிளில் இன்னும் ஒரு படி மேலே போய், தப்பை விழுங்கிவிட்டு மறுபடி எழுப்பாத 'வென் அதர்ஸ்' இருந்தாலே எச்சரிக்கும் வசதி 11ஜி-யிலிருந்து உண்டு. அதைத் தட்டி எழுப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"டெஸ்டிங் பண்றோமுங்க, போதாதுங்களா?" என்று பேரன் கேட்டான். மில்காரர்களுக்குப் புரியும்படி பதில் சொல்கிறேன். லேபில் நாலு காப்ஸ் எடுத்துச் சோதிப்பது ஒன்று; ஆட்டோகோனரில் யார்ன் கிளியரர் ஓடுகிற நூலின் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்து, தடிப்பும் மெலிவும் வரும் இடத்தில் வெட்டுவது இன்னொன்று. டெஸ்டிங் என்பது சாம்பிள். நமக்குத் தோன்றிய நிலைமைகளைத்தான் சோதிப்போம். ஐந்து வருஷத்துக்குள் ஒருவர் இறப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கிளியரருக்கு எதுவும் தோன்ற வேண்டியதில்லை, நூல் முழுக்கப் போகும். லேபும் வேண்டும், கிளியரரும் வேண்டும்.

இந்தக் கருவிகளுக்கும் எல்லை உண்டு, மறைக்கவில்லை. 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்திருந்தால் அது வாயே திறக்காது. சட்டம் அதற்குத் தெரியாது. ஓடும்போது சரம் சரமாகச் சேர்த்து உருவாக்கும் டைனமிக் எஸ்க்யூஎல், தற்காலிக டேபிள்கள் போன்ற இடங்களில் அதன் பார்வை மங்கும். சில சமயம் தப்பில்லாததையும் தப்பு என்று சொல்லும். பழைய புரொசீஜர்கள் நிறைய இருக்கும் இடத்தில் முதல் நாள் ஓட்டினால் பட்டியலைப் பார்த்தே பயந்துவிடுவீர்கள். அதனால்தான் பலர் ஒரு தடவை ஓட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். பட்டியல் நீளமாக இருப்பதற்கு அன்றுவரை பார்க்காமல் விட்டதுதான் காரணம். சில நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தால் அதற்குப் பிறகு வருவது ஒன்றிரண்டுதான்.

என் கருத்து இதுதான். மனிதர்களின் கூலியையும் பணத்தையும் தொடுகிற எந்தப் புரொசீஜரும் இந்தச் சோதனை இல்லாமல் லைவுக்குப் போகக் கூடாது. மாற்றிய ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு டேபிளைத் தொட்டால் அன்றே எல்லாப் புரொசீஜர்களையும் பார்க்க வேண்டும். நான் தொட்டது டேபிளை, உடைந்தது நான் தொடாத புரொசீஜர். தினம் ராத்திரி தானாக ஓடி, காலையில் ஒரு பட்டியல் வரும்படி வைத்துவிட்டால் யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை. தப்பை விழுங்கும் வரியை யார் எழுதினாலும் எடுக்கச் சொல்ல வேண்டும். ஓட்டம் நிற்கக் கூடாது என்றால், தப்பை ஒரு டேபிளில் எழுதி வைத்து மறுநாள் காலை ஒருவர் படிக்கட்டும்.

திருப்பூரிலும் ஈரோட்டிலும் எத்தனையோ கம்பெனிகளில் என்றோ ஒருவர் எழுதிக் கொடுத்த சம்பள சாப்ட்வேர் இன்றும் ஓடுகிறது. எழுதியவர் எங்கேயோ போயிருப்பார். முதலாளிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம், "யாருக்காவது கணக்குப் போட முடியாமல் போனால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால், பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பேரன் எல்லாம் கேட்டுவிட்டு, லேப்டாப்பில் இருந்த சோதனை டேட்டாபேஸில் அந்தக் கருவியைப் போட்டு ஓட்டினான். காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. மூன்று வரி வந்தது. இரண்டு, பயன்படுத்தாத மாறிகள். மூன்றாவது, ஒரு கிளையில் பதில் தராமலேயே புரொசீஜர் முடிகிறது என்றது.

"இந்தக் கிளை எப்பவுமே வராதுங்க அப்புச்சி" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ராத்திரி லைவ் போடுவதை ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லி யாருக்கோ போன் செய்ய எழுந்து வெளியே போனான்.