ஓட்டத்தில் சேரும் பணம்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது விடிவதற்கு முன்பே மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்தின் எதிரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு விடுகிறார்கள். மார்பில் எண் குத்திக்கொண்டு நிற்கும் இவர்கள் மராத்தான் ஓட வந்தவர்கள். 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய இந்த ஓட்டம் இன்று நாடறிந்த நிகழ்ச்சியாகிவிட்டது. முழு ஓட்டம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். வி.டி.யில் லோக்கல் ரெயில் ஏறித் திவா போய் இறங்கும் தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். இதைக் காலால் ஓடிக் கடக்கிறார்கள்.

முதலில் யார் வந்தார், எத்தனை மணி நேரத்தில் வந்தார், எந்த சினிமா நட்சத்திரம் கொடியசைத்தார் என்பவை மறுநாள் பத்திரிகைகளில் வந்துவிடுகின்றன. ஓடியவர்களில் ஒரு பகுதியினர் தர்ம காரியங்களுக்காகப் பணம் திரட்டி ஓடினார்கள் என்பதை மட்டும் பலர் அறிவதில்லை. இதில் ஒரு தவறான எண்ணமும் உண்டு. ஓட்டத்தில் சேருவதற்குக் கட்டும் நுழைவுக் கட்டணம் அப்படியே ஏழை நோயாளிகளுக்குப் போய்ச் சேருவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது ஓட்டத்தை நடத்தும் செலவுக்கான பணம். தர்மத்துக்கான பணம் வேறு. ஓடுகிறவர் ஒரு சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, "இதற்காக ஓடுகிறேன், உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று உறவினரிடமும் அலுவலக நண்பர்களிடமும் கேட்டு வாங்கும் தொகைதான் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. கேட்காவிட்டால் ஒரு காசும் சேராது.

இந்த வழிக்கு உலகம் அறிந்த உதாரணம் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்பில் வந்த புற்றுநோயால் 1977-ல் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. ஆஸ்பத்திரியில் தம்மோடு இருந்த சிறுவர்கள் பட்ட வேதனையை அவரால் மறக்க முடியவில்லை. 1980-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, செயற்கைக் காலுடன், கனடாவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம்! பொய்க்கால் உரசி ரத்தம் கசிந்தது, அப்படியும் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோ மீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலில் பரவியிருப்பது தெரியவந்தது. செப்டம்பர் 1-ந் தேதி ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் இறந்தார்.

அவர் கேட்டது எவ்வளவு? கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர். அவ்வளவே. அப்போதைய மக்கள் தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கணக்கு நிறைவேறிவிட்டது. தங்கள் சரக்கை விளம்பரப்படுத்தும்படி கேட்டு வந்த கம்பெனிகளை அவர் திருப்பி அனுப்பினார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. நம் ஊரில் தர்ம ஓட்டக்காரரின் முதுகிலும் மார்பிலும் எத்தனை கம்பெனிப் பெயர்கள் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

டெர்ரி ஃபாக்ஸ் திரட்டிய பணம் ஆராய்ச்சிக்குப் போயிற்று. அது அங்கே சரி. மும்பையில் திரட்டும் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை அறிய, ஓட்டப் பாதையில் இல்லாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும். 1941-ல் திறக்கப்பட்ட டாடா நினைவு ஆஸ்பத்திரி பரேலில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளாட்பாரங்களில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் கிடப்பதை அந்த வழியே வேலைக்குப் போகிறவர்கள் நன்கு அறிவார்கள். பீகார், உத்தரப்பிரதேசம், வங்காளம் என்று வெகு தூரத்திலிருந்து வந்தவர்கள். வாயிலும் தொண்டையிலும் புற்று வந்தவர்களும், தலைமுடி உதிர்ந்த சிறு பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலை போன்ற இடங்கள் பல குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் தருகின்றன. வருகிற கூட்டத்துக்கு அது போதவில்லை.

இதை வெறும் இரக்கத்துக்குரிய காட்சியாக எண்ணிவிடக் கூடாது. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், தொடர்ந்து பல வாரங்கள் போயாக வேண்டும். நடுவில் நாட்கள் விட்டுப்போனால், எஞ்சிய புற்று அணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். வாய், தொண்டைப் புற்றில் இந்த ஆபத்து அதிகம். மருந்து ஏற்றும் சிகிச்சையோ மாதக்கணக்கில் நீளுகிறது. மருத்துவச் செலவுக்கு அரசுத் திட்டங்களும் அறக்கட்டளைகளும் ஓரளவு கைகொடுக்கின்றன. வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவர் ஊரில் இழக்கும் கூலி ஆகியவற்றுக்கு யார் கொடுப்பது? கையிருப்பு தீர்ந்ததும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு ரெயில் ஏறுகிறவர்கள் உண்டு. குணமாகக்கூடிய நோயோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஆகவே, ஒரு நோயாளிக்கு இருபது நாள் தங்க இடம் கொடுப்பதும் வைத்தியந்தான். சிகிச்சைக்கு வரும் குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் மையங்கள் 2006-ல் மும்பையில் தொடங்கப்பட்டது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் என்ன பங்கு? பரேல் பிளாட்பாரத்தில் தமிழ்க் குரல் குறைவாகவே கேட்கிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஊரார் கொடுத்த பணத்தின் பலனைத் தமிழர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்து வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள், பிழைக்க வந்த ஊரில் பிறர் படும் அவதியைப் பார்த்துக்கொண்டு போவது அழகல்ல.

வசூல் செய்யத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் கொடைக்கும் பொங்கல் விழாவுக்கும் தாராவி, கோலிவாடா, செம்பூரில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, சில நாட்களில் பெருந்தொகை சேர்க்கிறார்கள். அதே சங்கத்தில் ஓடத் தெரிந்த இளைஞர்கள் பத்துப் பேர் இல்லாமலா போவார்கள்? 42 கிலோ மீட்டர்தான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. ஆறு கிலோ மீட்டர் அளவில் ஓர் ஓட்டம் உண்டு. அதை நடந்தேகூட முடிக்கலாம். பழக்கமில்லாதவர்கள் வீறாப்பாக நீண்ட ஓட்டத்தில் இறங்கி மயங்கி விழுவதை விட அதுவே மேல்.

பணம் கொடுக்கும் முன் கணக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த நிறுவனம் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு, எதற்காகச் செலவிட்டது என்று கேட்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும்.

பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய உதவி உண்டு. புற்றுநோயாளிகளுக்கு ரெயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை இருக்கிறது. துணைக்குப் போகும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம். ஆஸ்பத்திரி அதிகாரி உரிய படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் முழுப்பணம் கொடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தை வாங்கிக்கொடுத்து, கவுண்டரில் கூடவே நிற்க ஓர் ஆள் போதும். இந்தியும் மராத்தியும் தெரியாமல் வந்து இறங்கும் நெல்லை, குமரி மாவட்டத்து நோயாளிக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல, வாரத்தில் ஒரு நாள் சங்கத்தின் சார்பில் ஒருவரை பரேலுக்கு அனுப்பலாம்.

ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் பதிவது பல மாதங்களுக்கு முன்பே ஆரம்பமாகி, இடங்கள் நிரம்பிவிடுகின்றன. பொங்கல் விழாவுக்குக் கமிட்டி கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். ஆடி, ஆவணியிலேயே சங்கங்கள் கூடி, எந்த நிறுவனத்துக்காக ஓடுவது, யார் ஓடுவது, யார் வசூலுக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.