வெட்டப்பட்ட அத்தியாயம்

நாவல் வேறு, திரைப்படம் வேறு. ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளத்தல் தகாது என்பது இன்று விமரிசகர் பலர் வாய்ப்பாடாக ஒப்புவிக்கும் கூற்றாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், எக்குறையையும் மூடிமறைக்கும் போர்வையாக அது பயன்படும்போது மறுத்துரைப்பது வாசகனின் கடமையாகின்றது. ஜே. ஆர். ஆர். டொல்கீனின் 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' நாவலையும் அதற்குப் பீற்றர் ஜக்சன் அளித்த திரைவடிவத்தையும் முன்வைத்தே இதனைக் கூறுகின்றோம்.

1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இந்நாவல், 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாயிற்று. இறுதிப் படம் 11 ஒஸ்கார் விருதுகளை ஈட்டியது. அதன் முடிவில் அரங்கிலிருந்தோர் கண்கலங்கினர், நாமும் கலங்கினோம். வெளியே வந்து சிந்தித்தபோதுதான் நாம் ஏமாற்றப்பட்டமை புலனாயிற்று.

தீய மோதிரம் அழிந்தபின், ஹொபிற் எனப்படும் குறுமனிதர் நால்வர் தம் ஊராகிய ஷயருக்கு மீள்கின்றனர். நாவலில் அவர்கள் காண்பது பழைய ஊரையன்று. மரங்கள் தறிக்கப்பட்டுள்ளன, பழைய ஆலையிருந்த இடத்தில் புகையும் அழுக்கும் கக்கும் புதிய ஆலை நிற்கின்றது, அடியாட்கள் விளைச்சலைப் பறித்துச் செல்கின்றனர், அயலவரோ கட்டளைக்குப் பணிந்து பழகிவிட்டனர். இதற்கு வெளியிலிருந்து வந்த சருமான் மட்டுமா பொறுப்பு? கதாநாயகன் புரோடோவின் உறவினனாகிய லோதோவின் பேராசையே முதலிற் கதவைத் திறந்துவிட்டது. ஊரவர் கிளர்ந்தெழுந்து ஊரை மீட்கின்றனர். அம்மோதலில் ஹொபிற்றுகள் 19 பேர் மடிகின்றனர்.

படத்தில் இவ்வத்தியாயம் இல்லை. ஊர் விட்டுச்சென்றபடியே பசுமையாக இருக்கின்றது. முதற் படத்தில், எதிர்காலங்காட்டும் நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவதைப் புரோடோ காண்கின்றான். இறுதிப் படத்தில் அது நேராது தப்பிய ஆபத்தாகிவிடுகின்றது. நாவலாசிரியர் நிகழ்ந்ததாகச் சொன்ன அழிவு, திரையில் வெறும் தீக்கனவாயிற்று.

நேரம் போதாது என்பர். மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் ஓடும் அப்படத்தில் யானைப்படைக்கும் கோட்டை முற்றுகைக்கும் நேரம் இருந்தது. உச்சக்கட்டத்துக்குப் பின் இன்னொரு மோதல் வேகத்தைக் கெடுக்கும் என்பர். அவ்வேகத்தைக் கெடுப்பதே அவ்வத்தியாயத்தின் பணி. வெற்றி முழக்கம் ஓய்ந்தபின் எஞ்சுவது யாது என்று அது கேட்கின்றது. 1916 இல் சொம் போர்க்களத்தில் நின்ற டொல்கீன், 1918 அளவில் தம் நெருங்கிய நண்பருள் ஒருவர் தவிர ஏனையோரை இழந்திருந்தார். இவ்வத்தியாயம் உலகப்போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் சித்திரம் என்ற கருத்தை அவர் பின்னாளில் எழுதிய முன்னுரையில் மறுத்து, அது தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்ட இன்றியமையாத பகுதி என வலியுறுத்தினார்.

புரோடோவின் ஆறாத காயத்தைப் படம் காட்டாமலில்லை. ஆயின், ஊர் காயமுறாதபோது அவன் துயர் தனியொருவனின் நோயாகச் சுருங்கிவிடுகின்றது. நாவலில் ஊரும் அவனும் ஒருங்கே புண்பட்டனர். தோழன் சாம் ஊரெங்கும் மரம் நட்டு அதனைத் தளிர்க்கச் செய்கின்றான். புரோடோவுக்கு மட்டும் மருந்தில்லை. அவன் ஊரை விட்டு நீங்குவதன் முழுத் துயரும் இவ்வொப்புமையிலேயே பிறக்கின்றது.

எழுத்துக்கெழுத்து விசுவாசத்தை நாம் கோரவில்லை. டொம் பொம்படில் என்னும் பாத்திரம் நீக்கப்பட்டமைக்காக எவரும் அழவேண்டியதில்லை. அவனின்றியும் கதையின் பொருள் நிலைக்கும். இவ்வத்தியாயமின்றி அது நிலையாது. போர் தொலைவில் நடப்பது, அது எம் வாயிற்படியைத் தீண்டாது என்ற ஆறுதல் சந்தையில் நன்கு விலைபோகும். அவ்வாறுதலை மறுப்பதற்கென்றே எழுதப்பட்ட நூலின் பெயரால் அதனை விற்றமையே எமது குற்றச்சாட்டாகும். படத்தைக் கண்டு மகிழ்ந்தோர் நாவலின் இறுதிப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பார்களாக.