விஸ்கியும் கோல்ஃபும் ஒரு மொட்டைக் கோபுரமும்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தென்காசிக்காரர். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. ஐம்பது வயசு ஆகப்போகிறது. கையில் கலர் கலராக ஒரு ஃபைல்.

''அண்ணாச்சி, ஜூலைல பத்து நாள் ஸ்காட்லாந்து. மூணே அயிட்டம்தான். விஸ்கி, கோல்ஃப், கதை.''

முதல் ரெண்டும் புரிந்தது. அதென்ன கதை?

'அவுட்லாண்டர்' என்று ஒரு நாவல். 1991-ல் வந்தது. எழுதியவர் டயானா காபல்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஸ்காட்லாந்துக்கு வரும் ஒரு நர்ஸ், ஒரு கல்வட்டத்துக்குள் புகுந்து 1743-க்குப் போய்விடுகிறாள். அங்கே காதல், கத்திச் சண்டை, கலகம். 2014-ல் டி.வி. தொடராக வந்ததும் ஊர் உலகமே கிறங்கிப்போனது. நண்பரின் வீட்டம்மாவும் கிறங்கியவர்களில் ஒருவர். தொடரில் கோட்டையாக வரும் டூன் கோட்டை, கலகக்காரர்கள் தோற்ற கல்லோடன் மைதானம் எல்லாவற்றையும் பார்க்கப்போகிறார்களாம். அந்த நாட்டுச் சுற்றுலாத் துறையே தொடர் எடுத்த இடங்களுக்கு மேப் போட்டுக் கொடுத்திருக்கிறது. இத்தனைக்கும் நாவலை எழுதத் தொடங்கியபோது அந்த அம்மா ஸ்காட்லாந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

பொறாமையே வரவில்லை என்றால் பொய். இருந்தாலும் சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால், காபியை வைத்துவிட்டு நண்பர் ஒரு வாக்கியம் சொன்னார்.

''நம்மூர்ல என்ன இருக்கு, சொல்லுங்க? குத்தாலம் போனா ஒரு குவார்ட்டர், ஒரு குளியல், ஒரு பார்டர் பரோட்டா. சோலி முடிஞ்சுது.''

எனக்கு அவரோடு சண்டை இல்லை. இந்த வாக்கியத்தோடுதான் சண்டை. அவரை அப்படிச் சொல்லவைத்தது யார்?

குவார்ட்டரில் இருந்தே ஆரம்பிப்போம்.

ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. தானியத்தில் இருந்துதான் காய்ச்ச வேண்டும். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூணு வருஷம், அதுவும் ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடக்க வேண்டும். கிடக்கும்போது வருஷத்துக்கு ரெண்டு சதவிகிதம் போல ஆவியாகிப் போகும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று செல்லப்பெயர். (நம்மூரிலும் பங்கு போகிறது. வாங்குகிறவர்கள் தேவதைகள் இல்லை.) ஸ்பே நதிக்கரையில் வரிசையாக வடிசாலைகள். கதவைத் திறந்துவைத்து, இது எங்க ஆத்துத் தண்ணி, இது எங்க பார்லி என்று வகுப்பு எடுக்கிறார்கள். கடைசியில் ஒரு மடக்கு. வண்டி ஓட்டி வந்தவருக்கு அதுவும் கிடையாது. பல இடங்களில் அவர் பங்கைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, 'ரூமுக்குப் போய்க் குடிங்க' என்று கொடுத்து அனுப்புகிறார்கள். 2014 டிசம்பரில் அங்கே சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டியைத் தொடக் கூடாது. நம் இந்தியச் சட்டத்தில் வெறும் 30 மில்லிகிராம். அவர்களைவிட நாம்தான் கண்டிப்பு. சீசன் நாளில், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஐந்தருவி ரோட்டில் நின்று பாருங்கள், அந்தக் கண்டிப்பு எப்படி நெளிந்து நெளிந்து ஓடுகிறது என்று!

நம்மூரில் விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்பதில் பெரும்பாலானது விஸ்கியே இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகில் காய்ச்சிய சாராயம், கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை. சரக்கு கொஞ்சம் உசத்தி என்றால் துளி மால்ட். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இந்தியனுக்கு நல்ல விஸ்கி வடிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரின் அம்ருத் கம்பெனி 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் எங்கே அறிமுகம் செய்தது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றவர்கள்!

தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசாங்கமே கையில் எடுத்தது. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிற கடையின் முகத்தைப் பாருங்கள். கம்பிக்கூண்டு. உள்ளேயிருந்து ஒரு கை. வாங்கியவன் வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு ஓடுகிறான். ஒளித்து வாங்கியதை ஒளிந்துதானே குடிக்க வேண்டும்? தோப்பு, ஆற்றங்கரை, பாறை இடுக்கு. குடித்த பாட்டிலைத் தூக்கிப்போட வேறு இடமா இல்லை, ஆறு இருக்கிறதே! மூணு வருஷம் முந்தி பழைய குற்றாலத்துக்குக் கீழே ஓடைத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த அக்கா பேத்தியின் உள்ளங்காலில் ஏறிய கண்ணாடிச் சில், எந்த மகாராசன் போட்டதோ தெரியாது. நாலு தையல். மலையில் கிடக்கும் பாட்டில்கள் யானைக் காலையும் கிழிக்கின்றன என்று நீதிமன்றம் கண்டித்த பிறகுதான், 2022-ல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஒரு ஏற்பாடு வந்தது. யானைக்காவது கோர்ட் இருக்கிறது.

'அப்போ நல்லா குடிக்கச் சொல்றீரா?' என்று ஒரு வாசகர் இப்போதே பேனாவைத் திறந்திருப்பார். இல்லை சார். குடி கெடுத்த வீடுகள் என் உறவிலேயே உண்டு. நான் கேட்பது வேறு. தென்காசி மண்ணுக்கென்று ஒரு பானம் இருந்தால் அது எதுவாக இருக்கும்? பனை நம் மாநில மரம். அந்த மரத்தில் இறக்குகிற கள்ளுக்கு 1987-லிருந்து தடை. ஆனால் செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, ஆரியங்காவுக்குள் கால் வைத்தால் கள்ளு அங்கே லைசென்ஸ் வாங்கிய கடையில் கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் குற்றம். மரம் ஏறுகிறவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, மொலாசஸ் சாராயத்தை விஸ்கி என்று விற்கிற அரசாங்கம் மதுவிலக்கின் நியாயம் பேசுவதைக் கேட்கும்போதுதான் எனக்குப் போதை ஏறுகிறது.

கோல்ஃப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வசதியானவர்கள் நடைப்பயிற்சிக்குக் கண்டுபிடித்த சாக்கு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால், நண்பரின் ஃபைலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பற்றிப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆட்டத்துக்கே தாய்வீடு. கடலோரத்து மணல்மேடு, உழவுக்கு ஆகாத நிலம். இன்றைக்கும் அது பொதுச் சொத்து, ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஊர்ச் சனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள்.

குற்றாலத்தில் கோல்ஃப் மைதானம் இல்லை. குலதெய்வத்துக்கு நன்றி. ஆனால் அதன் தம்பி வந்துவிட்டான். தனியார் அருவி! மலையில் இருந்து இறங்குகிற ஓடையை மறித்து, திருப்பி, ரிசார்ட்டுக்குள் செயற்கையாக அருவி கொட்டவைத்தார்கள். ரூம் எடுத்தவருக்கு மட்டும் குளியல். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, இந்த அருவிகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. தனியாரை மட்டும் சொல்வானேன்? தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டத்துக்குள் இருக்கும் அருவிக்கு ஊரில் என்ன பெயர்? வி.ஐ.பி. ஃபால்ஸ்! குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டு, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அது கீழே இறங்கும் முன்பே யார் யார் முதுகில் விழ வேண்டும் என்று ஒதுக்கீடு.

போகட்டும். கதைக்கு வருகிறேன். எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

கல்லோடன் போர் நடந்தது 1746-ல். ஸ்காட்லாந்து மலைநாட்டவர் தோற்றார்கள். அவர்களுடைய கட்டம்போட்ட உடையைக்கூட அணியக் கூடாது என்று லண்டன் சட்டம் போட்டது. 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தத் தோல்வியைத்தான் இன்று மைதானமாக, மியூசியமாக, நாவலாக வைத்திருக்கிறார்கள். தடை செய்த அதே துணியைச் சால்வையாக்கி நண்பரின் வீட்டம்மாவுக்கு விற்கப்போகிறார்கள். எடின்பரோவின் பெரிய ரயில் நிலையத்துக்கு வேவர்லி என்று பெயர். வால்டர் ஸ்காட் எழுதிய நாவலின் பெயர் அது!

அந்த 1746 முடிந்து ஒன்பதே வருஷம். 1755. இப்போதைய தென்காசி மாவட்டத்தின் நெற்கட்டும்செவலில், கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கம்பெனிப் படைக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று நிற்கிறார் பூலித்தேவர். பன்னிரண்டு வருஷம் இழுத்த சண்டை. 1767-ல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்ட கர்னலின் பெயர் கேம்பெல். ஸ்காட்லாந்தின் பெரிய குலப் பெயர்களில் ஒன்று. கல்லோடனில் அரசாங்கத்தின் பக்கம் நின்று சண்டை போட்டவர்களிலும் கேம்பெல்கள் உண்டு. இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாவல் எழுதினால், அங்கேயிருந்து இங்கே கதை நடந்து வந்துவிடும்.

அதற்கு முன்னால் போனால் இன்னும் சுவாரஸ்யம். மதுரையை இழந்த பாண்டியர்கள் மலையோரமாக ஒதுங்கி, தென்காசியில் ஒரு சின்ன ராஜ்ஜியம் நடத்துகிறார்கள். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கிறான். அவன் கல்வெட்டுப் பாட்டு ஒன்றின் சாரம் இது: பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யார் சரிசெய்தாலும், அவர்களை நான் இப்போதே பணிந்துகொள்கிறேன். தன் வம்சம் நிலைக்காது என்று தெரிந்த ராஜாவின் குரல் இது. அவன் பயந்தபடியே நடந்தது. கோபுரம் பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. எங்கள் பாட்டி அதைத்தான் அடையாளம் சொல்வாள். 1990-ல் ஒன்பது நிலையும் முழுசாக எழும்பிக் கும்பாபிஷேகம் ஆனது. அந்தக் குலத்தில் வந்த அதிவீரராம பாண்டியன் நாட்டைப் பெருக்கவில்லை. 'நைடதம்' எழுதினான். பிள்ளைகள் படிக்க 'வெற்றிவேற்கை' எழுதினான். தோற்ற வம்சம், கவி பாடும் ராஜா, உடைந்த கோபுரம்... இதற்குமேல் ஒரு நாவலுக்கு என்னய்யா வேண்டும்?

கல்கி 1950-லிருந்து 54 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். சினிமா வந்த 2022-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அந்தப் பெயரிலேயே ஒரு டூர் போட்டது. வீராணம் ஏரிக்கரையில் நின்று வந்தியத்தேவன் எந்தப் பக்கம் வந்தான் என்று கேட்கிறார்கள். அதே கல்கி, ரசிகமணி டி.கே.சி.யைப் பார்க்கக் குற்றாலத்துக்கு வந்து தங்கியவர். குற்றாலத்துக்கு வந்த கல்கிக்குத் தென்காசிப் பாண்டியர்கள் தலைப்பாகத் தோன்றாமல் போனது நம் ஜாதகம். இன்று அந்தப் பக்கம் கூட்டம் கதைக்காகப் போய் நிற்கிற இடம், சுந்தரபாண்டியபுரத்தில் 2005-ல் ஒரு பாட்டுக்காக நடிகர்கள் முகத்தைப் பெயின்ட் அடித்த 'அந்நியன் பாறை'. பாண்டியன் பேரில் ஊர். பார்ப்பதோ பெயின்ட்!

சரி, இனிமேலாவது யாராவது எழுதலாமே? எழுதட்டும் பார்ப்போம். பூலித்தேவர் ஒரு சாதிக்கு. அவர் படைத்தளபதியாகச் சொல்லப்படும் ஒண்டிவீரன் இன்னொரு சாதிக்கு. வெண்ணிக்காலாடி மூன்றாவது சாதிக்கு. மூணு பேரும் ஒரே பக்கம் நின்றவர்கள். இப்போது மூணு போஸ்டரில், மூணு நிறத்தில். ஆகஸ்ட் 20, செப்டம்பர் 1 என்று அவர்களுடைய நாட்கள் வந்தால் பல வருஷமாக மாவட்டத்தில் தடையுத்தரவு, வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, தெருவுக்குத் தெரு போலீஸ். வரலாற்று நாயகனின் ஊருக்கு வரலாறு பார்க்க ஆசைப்பட்டவன் அன்றைக்குப் போக முடியாது. நாவலில் பூலித்தேவர் ஒரு நாள் பயந்தார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஒண்டிவீரனுக்கு ஒரு அத்தியாயம் கூடிவிட்டாலும் பிரச்னை, குறைந்துவிட்டாலும் பிரச்னை. ஒரு நாவலுக்காகப் பெருமாள்முருகன், 'எழுத்தாளன் செத்துவிட்டான்' என்று 2015 ஜனவரியில் தனக்குத்தானே அறிவித்துக்கொள்ள நேர்ந்த மாநிலம் இது. அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம்தான் அவரை எழுதச் சொன்னது.

கல்லோடனில் குலம் குலமாக நடுகல் வைத்திருக்கிறார்கள். எதிர்த்து நின்றவர்களைப் புதைத்த இடத்துக்கும் அடையாளம் உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சனங்கள் டீ குடிக்கப் போகிறார்கள்.

இத்தனையும் நண்பரிடம் கொட்டித் தீர்த்தேன். பாவம், காபி குடிக்க வந்த மனுஷன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபைலைத் திருப்பி, பின்னட்டையில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். தென்காசி கோயில், கல்வெட்டு எந்தச் சுவரில் என்று கேட்க வேண்டும். வாசுதேவநல்லூர். நெற்கட்டும்செவல், செப்டம்பர் ஒண்ணாம் தேதி வேண்டாம். குற்றாலத்தில் சித்திர சபை.

''சரி அண்ணாச்சி, ஸ்காட்லாந்து போயிட்டு வந்து ஆகஸ்ட்ல ஒரு ரவுண்டு இதையும் பாத்திருவோம். கோல்ஃபை விட்ருவோம். விஸ்கிக்குப் பதிலா?''

''ஆரியங்காவுல நல்ல கள்ளு கிடைக்கும். குடிச்சிட்டு வண்டிய நீங்க ஓட்டக் கூடாது.''

''அது தெரியும். ஒரு பாட்டில் வீட்டுக்குக் கொண்டாரலாமா?''

''புளியரை செக்போஸ்ட்ல பிடிச்சா கேஸ் போடுவாங்கய்யா.''

ஃபைலில் எழுதியிருந்த 'ஆரியங்காவு' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.